மருமவன் ஏரி பாக்கப் போறான்

வா மருமவனே, இங்கன உக்காரு. நீ போட்டு அனுப்பின பயணப் பட்டியலைப் பேத்தி வாசிச்சுக் காட்டினா. காலையில ஏழு மணிக்கு ஷாங்காய்ல ரயில் ஏறுத. எட்டு மணிக்கு ஹாங்சோ. பொறவு ஏரி, ஏரிக்குள்ள தீவு, ரெண்டு கரை, பாம்புக் கோபுரம், லிங்யின் கோயில், தளபதி சமாதி, தேயிலைக் கிராமம், பழைய கடைத்தெரு, ராத்திரி விளக்கு ஆட்டம். ஒம்பது மணி ரயில்ல திரும்பவும் ஷாங்காய். ரொம்ப ஜோரு. ஒண்ணே ஒண்ணுதான் விட்டுப் போச்சு: ஒண்ணுக்குப் போறதுக்கு எத்தன மணின்னு எழுதல. அதையும் சேத்துரு, பொறவு மாமா சொல்லலன்னு குறை சொல்லக் கூடாது.

தேதியும் நல்லாத்தான் பாத்துருக்க. அக்டோபர் 1. சீனாக்காரனுக்குத் தேசிய நாள். அன்னையில இருந்து ஒரு வாரம் நாடு முழுக்க லீவு. அத்தன சனமும் எங்க போகும்? நீ போற எடத்துக்குத்தான். ஏரியோட வடகிழக்கு முனையில 'உடைஞ்ச பாலம்'னு ஒண்ணு இருக்கு. அன்னைக்குப் போனா அதுல நீ நடக்கவே வேண்டாம். முன்னால நிக்கவன் முதுகுல கைய வச்சுக்க, கூட்டமே உன்னக் கொண்டுபோயி அந்தக் கரையில எறக்கி விட்டுரும். ஏரி எங்கன்னு கேட்டா, இந்தத் தலைகளுக்கு அந்தப் பக்கம்னு சொல்லுவாவ. செலவு பண்ணி இவ்வளவு தூரம் போறது மனுஷன் பிடரியப் பாக்கதுக்குன்னா, தேதிய மாத்தாத, அப்படியே வையி.

ஏரியப் பாக்கணும்னா மார்ச் கடைசியில இருந்து ஏப்ரலுக்குள்ள போ. கரையில ஒரு வில்லோ மரம், ஒரு பீச் மரம்னு மாத்தி மாத்தி நட்டு வச்சிருக்காவ. ஒண்ணு பச்சையாத் துளிர் விட்டுத் தண்ணியத் தொடும்போது, மத்தது இலையே இல்லாம ரோஸ் கலர்ல பூத்து நிக்கும். ஏப்ரல் 5 வாக்குல அவுகளுக்கு சிங்மிங், முன்னோர் சமாதிக்குப் போற நாள். அந்த லீவ மட்டும் தாண்டிக்க. இல்லன்னா அக்டோபர் லீவு முடிஞ்ச பொறவு போ. ஓஸ்மாந்தஸ்னு மஞ்சளா ஒரு பொடிப் பூ, அந்த ஊருக்கே அதுதான் பூ. கண்ணுல படறதுக்கு முன்னால மூக்குல வந்து நிக்கும். ஜூன்ல போனா மழை. ஜூலை, ஆகஸ்ட்ல போனா வெயில். வெயிலு வேணும்னா அதுக்கு எதுக்குல விமானம்?

என் பேரன் அங்கதான் டாக்டருக்குப் படிச்சான். அவனப் பாக்கப் போறோம்னு சொல்லி நானும் உங்க அத்தையும் போயித் தங்கினோம். பேரன் காலேஜுக்குப் போயிருவான், எங்களுக்கு என்ன வேலை? காலையில ஏரிக்கரைக்குப் போயி உக்காருவோம். உக்காந்து பாத்தவன் சொல்லுதேன், அதனால நம்பலாம்.

ஏரிக்கு மூணு பக்கம் மலை, ஒரு பக்கம் ஊரு. பரப்பு சுமார் ஆறரைச் சதுர கிலோமீட்டர். சுத்தி வந்தா பதினஞ்சு கிலோமீட்டர். சராசரி ஆழம் ரெண்டே கால் மீட்டருதான். யுனெஸ்கோக்காரன் 2011-ல உலகப் பாரம்பரியச் சின்னம்னு எழுதிக் கொடுத்துட்டான். ஆனா ஒண்ணு பாத்துக்க, இது சும்மா விட்டா நிக்கிற ஏரி இல்ல. ஆத்து வண்டல் அடைச்சு, கடல்ல இருந்து பிரிஞ்சு உண்டான தண்ணி. பாசி படரும், தாமரை படரும், கோரை முளைக்கும், பொறவு எவனாவது நெல்லு நட ஆரம்பிச்சுருவான். ஆயிரம் வருஷத்துக்கு மேல எவனாவது ஒருத்தன் எறங்கி வெட்டி வெட்டித்தான் அது இன்னிக்கும் ஏரியா நிக்கி.

822-ல பாய் ஜூயீன்னு ஒருத்தர் அங்க ஆளுநரா வந்தாரு. பெரிய கவிஞரு. கவிஞருன்னா நம்ம கணக்குல மேடையில உக்காந்து மாலை போட்டுக்கிடற ஆளு. அவரு கரைய ஒசத்திக் கட்டி, வயலுக்குத் தண்ணி விட ஏற்பாடு பண்ணினாரு. இப்ப பாய் கரைன்னு ஒண்ணக் காட்டுவாவ, அதுல நின்னு படம் எடுத்துக்குவாவ. அது அவரு கட்டினது இல்ல. அவரு கட்டின கரை எப்பவோ போயிருச்சு. நன்றி மறக்கக் கூடாதுன்னு ஏற்கெனவே இருந்த கரைக்கு அவரு பேர வச்சுட்டாவ.

அதுக்குப் பொறவு 1089-ல சூ தோங்போ. இவரும் கவிஞருதான், இவரும் ஆளுநருதான். வந்து பாத்தா ஏரியில பாதி கோரை மேடு. இப்படியே விட்டா இன்னும் இருபது வருஷத்துல ஏரியே இருக்காதுன்னு பேரரசருக்கு மனு எழுதினாரு. காசு வேணுமே? அந்தக் காலத்துல அங்க துறவியாகணும்னா அரசாங்கச் சான்றிதழ் வேணும். வரி கிடையாதுன்னு அதுக்கு நல்ல கிராக்கி. அந்தச் சான்றிதழ் நூறைக் கேட்டு வாங்கி, அதுல வந்த துட்டுல ஏரிய வெட்டினாரு. சாமியார் ஆகுறவன் காசுல ஊருக்குத் தண்ணி. இந்த யோசனைய இங்க யாருகிட்டயும் சொல்லிராத, ஏரி வெட்ட மாட்டாவ, சான்றிதழ மட்டும் விப்பாவ.

வெட்டின தொளி எங்க போச்சு? நம்ம பக்கம் குளத்துல தூர் வாரினா மண்ணு எந்த லாரியில ஏறி, எவன் செங்கச்சூளையில எறங்கும்னு உனக்குத் தெரியும், என் வாயக் கிளறாத. அந்த மனுஷன் அத்தன சேத்தையும் ஏரிக்கு நடுவுலயே தெக்கு வடக்காப் போட்டுக் கரையாக்கிட்டாரு. ரெண்டே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நடுவுல தண்ணி போக வர ஆறு கல்பாலம். அதுதான் சூ கரை. அது மேலதான் நீ உன் பட்டியல்ல 'பதினஞ்சு நிமிஷம்'னு போட்டுருக்க. மருமவனே, ரெண்டே முக்கால் கிலோமீட்டர். நீ மாடி ஏறினாலே நாலாவது படியில நிப்ப.

அங்க விடியக்காலம் போ. ஆறு மணிக்கு முன்னால. எங்க வயசுக்காரங்க அதுக்கு முன்னாலயே வந்துருப்பாவ. ஒருத்தர் பெரிய தூரிகையத் தண்ணியில தோச்சு, நடைபாதைக் கல்லுல எழுத்து எழுதிக்கிட்டே பின்னால போவாரு. குனிஞ்சு, ஒரு கோடு இழுத்து, தள்ளி நின்னு பாப்பாரு. அவரு அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள முதல் வரி வெயில்ல காஞ்சு போயிரும். அவருக்கு அதப் பத்திக் கவலையே இல்ல. நான் நின்னு பாத்தேன். அவரும் என்னப் பாத்தாரு. தூரிகைய நீட்டினாரு. நான் 'சிவமயம்'னு எழுதினேன். தலைய ஆட்டி ரசிச்சாரு. என்ன புரிஞ்சுதுன்னு ரசிச்சாருன்னு எனக்குத் தெரியாது, அவரு எழுதினத நானும் அப்படித்தான ரசிச்சேன்.

ஏரிய வெட்டின பொறவு, இதுக்கு உள்ள எவனும் எதையும் நடக் கூடாதுன்னு எல்லை காட்ட, சூ தோங்போ தண்ணிக்குள்ள மூணு கல் கோபுரம் நட்டாரு. இப்ப இருக்கது பொறவு செஞ்சு வச்சது. ராத்திரி அதுக்குள்ள விளக்கு வச்சா ஓட்டை வழியா வெளிச்சம் தண்ணியில விழுந்து நிலா நிலாவாத் தெரியும்னு சொல்லுவாவ. ஒரு யுவான் நோட்டோட பின்பக்கம் அச்சடிச்சிருக்கது அந்த எடந்தான். படகுல போறவன் ஒவ்வொருத்தனும் நோட்டக் கையில பிடிச்சு, கோபுரத்தோட சேத்து வச்சு ஒரு படம் எடுப்பான். நீயும் எடுப்ப. எடுத்து எனக்கு அனுப்பு. ஆனா நோட்டுத் தண்ணியில விழுந்தா குதிச்சிராத, ஒரு யுவானுக்குப் பன்னெண்டு பதிமூணு ரூவாதான்.

ஏரியப் பாக்க டிக்கெட் கிடையாது, அதத் தெரிஞ்சுக்க. 2002-ல கரைப் பூங்காவோட வேலியெல்லாம் எடுத்து, சும்மா வா, சும்மா பாருன்னு விட்டுட்டாவ. நீதான் ஏரியச் சும்மா விட்டுட்டு, டிக்கெட் இருக்க எடமாத் தேடித் தேடிப் பட்டியல் போட்டுருக்க.

அந்த டிக்கெட் எடத்துல லெய்ஃபெங் கோபுரம் ஒண்ணு. வெள்ளைப் பாம்பு பொம்பளையா மாறி ஒருத்தனக் கட்டிக்கிட்டு, ஒரு சாமியாரு அவளப் பிடிச்சு அந்தக் கோபுரத்துக்கு அடியில அடைச்சாருன்னு கதை. நீ நெனக்கிற மாதிரி அது ஆயிரம் வருஷத்துக் கோபுரம் இல்ல. பத்தாம் நூத்தாண்டுல கட்டினது 1924-ல பொத்துன்னு விழுந்துருச்சு. ஏன் விழுந்துச்சு? அந்தச் செங்கல்ல ஒரு துண்டு வீட்டுல வச்சா நோய் தீரும், நல்லது நடக்கும்னு வர்றவன் போறவனெல்லாம் ஒவ்வொரு கல்லா உருவிட்டுப் போயிட்டான். கோபுரம் எத்தன நாளைக்கு மருமவனே தாங்கும்? இப்ப இருக்கது 2002-ல புதுசாக் கட்டினது, ஏறிப் போக எஸ்கலேட்டரு வச்சிருக்காவ. பழைய கோபுரத்தோட செங்கல் குவியல அடியில கண்ணாடி போட்டு மூடிக் காட்டுதாவ. உங்க அத்தை அதத்தான் ரொம்ப நேரம் பாத்தா. பாம்பு எங்கன்னு கேட்டா, அதான் 1924-லயே தப்பிச்சிருச்சேன்னு சொன்னா.

லிங்யின் கோயில மட்டும் அவசரப்பட்டுப் பாத்துராத. அது நம்ம நாட்டு ஆளு ஆரம்பிச்ச கோயிலு. நாலாம் நூத்தாண்டுல ஹுய்லின்னு அவுக கூப்பிடுற இந்தியத் துறவி ஒருத்தரு வந்து தொடங்கி வச்சதுன்னு வரலாறு. அவரு எதிர்ல இருக்க சின்ன மலையப் பாத்து, இது எங்க ஊரு மலையாச்சே, எப்ப இங்க பறந்து வந்துச்சுன்னு கேட்டாராம். சுத்தி நின்னவன் நம்பல. அப்படின்னா இதுக்குள்ள எங்க ஊரு கொரங்கும் இருக்கும்னு குகையப் பாத்துக் கூப்பிட்டாரு, கொரங்கு வந்துருச்சுன்னு கதை. அன்னையில இருந்து அது 'பறந்து வந்த மலை'. பாறையெல்லாம் குடைஞ்சு முந்நூறுக்கு மேல புத்தர் சிலை. தொப்பையத் தள்ளிக்கிட்டுச் சிரிக்கிற ஒருத்தரு முன்னால எப்பவும் கூட்டம் நிக்கும். நம்ம மலைய எடுத்துட்டுப் போயிட்டான்னு அங்க நின்னு வழக்குப் பேசாத. கொண்டுபோனதச் சுத்தமா வச்சிருக்கான்.

தளபதி யுவே ஃபெய் சமாதிக்குப் போனா, சமாதிய விட எதிர்ல இருக்கதப் பாரு. அவர 1142-ல பொய்க் குத்தம் சுமத்திக் கொன்ன மந்திரி சின் ஹுய், அவன் பொண்டாட்டி, கூட்டாளி ரெண்டு பேரு, நாலு பேருக்கும் இரும்புல சிலை. கையப் பின்னால கட்டி, சமாதியப் பாத்து முட்டி போட வச்சிருக்காவ. நூத்துக்கணக்கான வருஷமா வர்றவனெல்லாம் காறித் துப்பித் துப்பி, இப்பத் துப்பாதேன்னு எழுதிப் போட வேண்டியதாப் போச்சு. மந்திரிக்குச் சிலை வைக்கதுல இப்படியும் ஒரு முறை இருக்கு பாத்துக்க.

இனி சாப்பாடு. நீ பட்டியல்ல முதல்ல எழுதியிருக்கது ஏரி மீன், வினிகர் குழம்பு. எழுதினவன் சாப்பிட்டிருக்க மாட்டான். புல்கெண்டைய ஒண்ணு ரெண்டு நாள் பட்டினி போட்டு, சேத்து வாடை போக்கி, எண்ணெய் ஒரு சொட்டு இல்லாம வெந்நியில அவிச்சு, இனிப்பும் புளிப்புமா ஒரு கூழ மேல ஊத்தித் தருவாவ. சீனாக்காரனே அதக் கேலி பண்ணுதான், நான் பண்ணினா பாவமில்ல. உனக்கோ மீன் குழம்புல புளி ஒரு பிடி கம்மியானா தட்டத் தள்ளுத பழக்கம். கறி திங்கிறவன்னா தோங்போ பன்றிக்கறி கேளு. அந்தக் கவிஞர் பேருலதான். ஏரி வெட்டினதுக்கு நன்றின்னு சனம் கறியும் மதுவும் கொண்டு வந்து குடுத்துச்சாம், அவரு ரெண்டையும் ஒண்ணாப் போட்டுச் சமைச்சு, மண்ணு சுமந்தவனுக்கே குடுத்துட்டாராம். கதைதான். ஆனா கறி உண்மை. சின்னத் தீயில சோயாவும் அரிசி மதுவும் விட்டு வேக வச்சு, தொட்டாப் பிரியும். நீ சைவமா மாறிட்டேன்னு கேள்விப்பட்டேன், நெசமா? அப்ப கோயில் பக்கம் சைவ நூடுல்ஸ் தேடு. பருப்புப் பொடி ஒரு டப்பா எடுத்துட்டுப் போ, யாருகிட்டயும் காட்டாத, பங்கு கேப்பானுவ.

தேயிலைக்கு வா. லோங்ஜிங். உன் பணம் கரையப் போற எடம் இதுதான், அதனால நிமிந்து உக்காரு. ஏரிக்கு மேற்கே மலை மடிப்புல லோங்ஜிங், மெய்ஜியாவூன்னு கிராமங்க. சிங்மிங்குக்கு முன்னால கிள்ளின கொழுந்துக்குத்தான் விலை. ஒரு கிலோவுக்குப் பல்லாயிரம் கொழுந்து வேணும். நாளு தாண்டத் தாண்ட விலை எறங்கும். ஒரு வீட்டு வாசல்ல வயசான அம்மா ஒருத்தி சூடான இரும்புச் சட்டியில வெறுங்கைய விட்டு இலைய வறுத்தா. அழுத்துவா, தேய்ப்பா, தூக்கிப் போடுவா, திரும்ப அழுத்துவா. இலை தட்டையா வரணும், அதுக்குத்தான். கைய வாங்கிப் பாத்தேன், உள்ளங்கை பளபளன்னு கண்ணாடியா இருக்கு. வறுத்த கடலை வாசம் மாதிரி ஒரு வாசம். கண்ணாடி டம்ளர்ல நாலு சிட்டிகை போட்டு, கொதிச்சுக் கொஞ்சம் ஆறின தண்ணிய ஊத்துவாவ. இலை மிதந்து, நின்னு, மெதுவா அடியில போயி உக்காரும். பால் கேக்காத. சர்க்கரை கேக்காத. நான் கேட்டேன்னு உங்க அத்தை சொல்லுவா, நம்பாத.

சியான்லோங் பேரரசர் அங்க வந்தப்ப கிள்ளின கொழுந்த முழுக்கைச் சட்டைக்குள்ள போட்டுக் கொண்டுபோனாருன்னும், அமுங்கித் தட்டையானதப் பாத்துத்தான் இன்னிக்கும் தட்டையா வறுக்காவன்னும் ஒரு கதை. அவரு பேரச் சொல்லிப் பதினெட்டுத் தேயிலைச் செடிக்கு வேலி போட்டு வச்சிருக்காவ. அந்தப் பதினெட்டுச் செடி இலைதான் இதுன்னு எவனாவது பொட்டலத்த நீட்டுவான். உன் மூஞ்சியப் பாத்தா கண்டிப்பா நீட்டுவான். ஏரிக்கரையில நல்ல இங்கிலீசு பேசிக்கிட்டு வந்து, எங்க வீட்டுல டீ குடிக்க வாங்கன்னு கூப்பிடுறவன்கூடப் போகாத. டீ இலவசந்தான், எந்திரிக்கதுக்குத்தான் காசு. உண்மையான பொட்டலத்துல சோதிச்சுப் பாக்க அரசாங்க ஒட்டுவில்லை இருக்கும். அம்பது கிராம் வாங்கு, போதும். எனக்கு வேண்டாம், அத்தைக்கு மட்டும்.

கடைத்தெருன்னா ஹெஃபாங் தெரு. அது பக்கத்துல 1874-ல ஆரம்பிச்ச ஹு சிங் யூ தாங் மருந்துக்கடை இருக்கு. வெளியே பாத்துத் தொங்குற பலகையெல்லாம் வாங்க வர்றவனுக்கு. உள்ள பாத்துத் தொங்குற பலகை ஒண்ணு இருக்கு, கல்லாவுல நிக்கிற ஆளு கண்ணுக்கு நேரே. 'ஏமாத்தாதே'ன்னு ரெண்டே எழுத்து. அத நின்னு பாரு. பாத்துட்டு, அந்தப் பலகை அந்தக் கடைக்குள்ளதான், தெருவுக்கு இல்லன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு வெளியே வா.

மார்க்கோ போலோன்னு ஒருத்தன் இந்த ஊர உலகத்துலயே சிறந்த ஊருன்னு எழுதினான். தெற்குச் சோங் ராசாக்களுக்குத் தலைநகரா இருந்து, 1276-ல மங்கோலியன் கைக்குப் போன ஊரு. பன்னெண்டாயிரம் கல்பாலம் இருக்குன்னு எழுதிட்டான். எண்ணிப் பாத்தவன் எவனும் இல்ல. நம்ம தாமிரபரணி முகத்துக் காயலையும் அவன்தான் எழுதியிருக்கான். அதையும் கொஞ்சம் தள்ளுபடி போட்டுப் படி.

துட்டு விஷயம். அங்க இளநீக்காரன்ல இருந்து படகுக்காரன் வரைக்கும் ஃபோன்தான். அலிபாபான்னு பெரிய இணையக் கம்பெனி பொறந்த ஊரே அதுதான், 1999-ல. அத ஆரம்பிச்ச ஜாக் மா சின்னப் பையனா இருந்தப்ப இந்த ஏரிக்கரையில வெளிநாட்டுக்காரனுக்குச் சும்மா ஊரச் சுத்திக் காட்டி இங்கிலீசு படிச்சவரு. அலிபேன்னு ஃபோன்ல துட்டு கட்டுற செயலியில உன் கார்ட இங்க இருக்கும்போதே சேத்துரு. அங்க போயி ஓடிபி வரலன்னு ஏரியப் பாத்து அழாத. கூகுள் மேப்பும் வாட்ஸப்பும் அவன் சிம்முல ஓடாது, நம்மூர் சிம்முல ரோமிங் போட்டுக்க. தெருவக் கடக்கும்போது வரிக்கோட்டுல நின்னா, பஸ்ஸே நிக்கும். நீ போ நீ போன்னு கையக் காட்டிக்கிட்டு நிக்காத, அவன் போக மாட்டான், பின்னால பத்து வண்டி நிக்கும். பேட்டரி ஸ்கூட்டரு மட்டும் சத்தமே இல்லாம இடுப்புப் பக்கம் வரும், அதுக்குப் பயப்படு.

பட்டியல்ல பாதிய அடி. ரெண்டு ராத்திரி தங்கு, ஒரு விடியக்காலம் கரையில நட, ஒரு சாயங்காலம் சும்மா உக்காரு. சென்னையில இருந்து நேர் விமானம் தேடாத, சிங்கப்பூர், கோலாலம்பூர், ஹாங்காங்னு எங்கயாவது மாறித்தான் போகணும். நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும். அதனால பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டாப் பாத்து எடு. மலிவா இருக்குன்னு வேற மாதிரி எடுத்துட்டு, விசா வரல மாமான்னு வந்து நின்னா, காப்பி மட்டுந்தான் கிடைக்கும்.